அச்சுக்கோர்ப்பிலிருந்து கணினிக்கு: கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் எழுத்துத் தொழிலின் இடமாற்றம்

கலை சார்ந்த தொழிலை விட்டுத் தகவல் தொழில்நுட்பத்துக்கு மாறுவது இன்று தனிமனிதர் ஒருவர் தம் வயதையும் வருவாயையும் கணக்கிட்டு எடுக்கும் முடிவாகப் பேசப்படுகிறது. அதற்கென்றே பயிற்சி வகுப்புகளும் சான்றிதழ்களும் விற்கப்படுகின்றன. கடலூர், சிதம்பரம் போன்ற ஊர்களில் இம்மாற்றம் ஒரு தலைமுறைக்கு முன்பே, எவரும் உட்கார்ந்து முடிவெடுக்காமல், ஒரு தொழில் முழுவதற்கும் நேர்ந்துவிட்டது. ஈய எழுத்துகளைக் கோத்துப் பக்கம் கட்டிய கம்பாசிட்டர், கடைப் பலகையிலும் சுவரிலும் தூரிகையால் எழுதிய ஓவியர், பயிலகங்களில் கைப்பழக்கம் பெற்ற தட்டச்சர் ஆகிய மூவரையும் சேர்த்து எழுத்துத் தொழிலாளர் என்று கொண்டால், 1980களின் இறுதிக்கும் 2000களின் நடுப்பகுதிக்கும் இடையே அவர்கள் அனைவரின் பிழைப்பும் கணினித் திரைக்கு முன்னால் வந்து நின்றது. அந்த இடமாற்றம் இரண்டு கட்டங்களாக நடந்தது என்பதும், முதல் கட்டத்தைக் கடந்தவர்களில் பலர் இரண்டாவதைக் கடக்கவில்லை என்பதும் இவ்வட்டாரத்தின் தொழில் வரலாற்றில் போதிய கவனம் பெறாதவை.

தமிழ் அச்சின் தொடக்க காலத்தில் இக்கடற்கரைக்குத் தனியிடம் உண்டு. சிதம்பரத்துக்குத் தெற்கே, தரங்கம்பாடியில் 1713இல் சீகன்பால்கு தமிழ் அச்சகத்தைத் தொடங்கினார். ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த எழுத்துகள் உருவில் பெரியவையாக இருந்து காகிதத்தை விழுங்கியதால், பொறையாற்றில் சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. இந்தியர்கள் தடையின்றி அச்சகம் நடத்தும் நிலை 1835ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகே வந்தது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1864இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியதும், வடலூர் இராமலிங்க அடிகளின் திருவருட்பா 1867இல் அச்சேறியதும், அதையொட்டி எழுந்த அருட்பா–மருட்பா பூசல் அச்சிட்ட கண்டனங்களாகப் பெருகி மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றதும் பத்தாண்டுகளுக்குள் நிகழ்ந்தவை. அச்சுப்பிரதி என்பது இவ்வட்டாரத்தில் படிப்பதற்கு மட்டுமல்லாமல் வழக்காடவும் பயன்பட்ட பொருளாயிற்று எனலாம்.

பிற்கால இலக்கியத்துக்கும் கடலூர் தன் பங்கை அளித்தது. புதுமைப்பித்தன் 1906இல் திருப்பாதிரிப்புலியூரிலும், ஜெயகாந்தன் 1934இல் மஞ்சக்குப்பத்திலும் பிறந்தனர்; இருவரும் இன்று கடலூர் மாநகரின் பகுதிகளாக உள்ள இவ்விடங்களை விட்டு வெளியேறிய பின்னரே எழுத்தாளராயினர் எனினும், ஜெயகாந்தன் சென்னையில் முதலில் ஒட்டிக்கொண்ட வேலைகளுள் ஜனசக்தி அச்சகத்து வேலையும் ஒன்று என்பது குறிப்பிடத்தக்கது. பள்ளிப் படிப்பு பாதியில் நின்ற, எழுத்தின் மேல் ஆசை கொண்ட இளைஞனுக்கு அச்சகம் அந்நாளில் வேலையிடமாகவும் படிப்பிடமாகவும் ஒருசேர இருந்தது.

ஊர் அச்சகங்களுக்குச் சோறு போட்டவை நூல்கள் அல்ல, 'ஜாப் ஒர்க்' எனப்பட்ட சில்லறை வேலைகளே: கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, பில் புத்தகம், துண்டு நோட்டீஸ், சுவரொட்டி. தென்னார்க்காடு மாவட்டத்தின் தலைநகராகக் கடலூர் இருந்தவரை ஆட்சியர் அலுவலகத்தையும் நீதிமன்றங்களையும் சுற்றிப் படிவ வேலைகள் இருந்தன. 1993இல் விழுப்புரம் பிரிந்த பின் அந்த வட்டம் சுருங்கியது. சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும், 1981 முதல் நாட்டியாஞ்சலிக்கும் அழைப்பிதழ்கள் தேவைப்பட்டன. அண்ணாமலை நகரில் ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து கட்டித் தரும் கடைகள் பல்கலைக்கழகத்தின் நிழலில் வளர்ந்தன.

கம்பாசிட்டரின் வேலையைச் சற்று அருகிலிருந்து காண்பது நல்லது. ஏனெனில் கணினி எதை எளிதாக்கியது, எதைத் தேவையற்றதாக்கியது என்பது அங்குதான் விளங்கும். 'கேஸ்' எனப்படும் சாய்வான மரப்பெட்டியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் அறை. தமிழில் ஒரு மெய்க்கு க், க, கி, கீ, கு, கூ என ஆறு வடிவங்கள் பொதுவாகத் தனித்தனி வார்ப்பாக வேண்டியிருந்ததால், 18 மெய்களுக்கு மட்டுமே 108 அறைகள் ஆயின. உயிரெழுத்துகள், துணைக்கால், கொம்புகள், வடமொழி எழுத்துகள், எண்கள், நிறுத்தக்குறிகள் ஆகியவை அதன் மேல் சேர்ந்தன. இடக்கையில் 'ஸ்டிக்' என்னும் உலோகச் சட்டத்தைப் பிடித்து, வலக்கையால் எழுத்துகளைத் தலைகீழாக, இடமிருந்து வலமாக அடுக்க வேண்டும். எழுத்தின் உடலில் வெட்டப்பட்ட சிறு பள்ளத்தை விரல் நுனி தடவி, எந்தப் பக்கம் மேல் என்பதைக் கண்ணால் பாராமலே அறியும். வரி நிறையாவிட்டால் சொற்களுக்கிடையே மெல்லிய ஈயத் துண்டுகளைச் செருகி நெருக்க வேண்டும். நெருக்கம் போதாவிட்டால் அச்சு இயந்திரத்தில் ஏறும்போது எழுத்துகள் உதிர்ந்து பக்கமே கொட்டிவிடும். அச்சான பிறகு அத்தனை எழுத்துகளையும் பிரித்து உரிய அறைகளில் போடுவது தொழிலின் மறுபாதி, புதிதாகச் சேர்ந்த பையன்கள் முதலில் கற்றதும் அதுவே. தலைகீழ் எழுத்தை வேகமாகப் படிக்கும் கண், வரியின் அகலத்தை மனத்துக்குள் அளக்கும் கணிப்பு, எங்கே சொல்லைப் பிரிக்கலாம் என்னும் மொழியறிவு ஆகிய மூன்றும் கூடியதே இக்கலை. பார்ப்பவர் அதைக் கூலி வேலை என்றே எண்ணினர். கூலியும் அந்த எண்ணத்துக்கு ஏற்பவே இருந்தது.

பெரியார் 1935 முதல் குடிஅரசு இதழில் கையாண்டு, 1978இல் எம்.ஜி.ஆர். அரசு ஆணையாக்கிய எழுத்துச் சீர்திருத்தத்துக்கு அச்சுக்கூட வசதி ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. ண, ற, ன ஆகியவற்றின் ஆகார வடிவங்களும், ண, ல, ள, ன ஆகியவற்றின் ஐகார வடிவங்களும், முன்னைய மூன்றின் ஒகர ஓகார வடிவங்களும் என 13 எழுத்துகள் மாறின. பெட்டியின் கணக்கில் பார்த்தால் ஆதாயம் அதனினும் குறைவு: ஒகர ஓகாரங்கள் ஆறும் கொம்போடு பழைய ஆகார வார்ப்பைச் சேர்த்தே அமைந்தவையாதலால், மிச்சமானவை ஏழு அறைகளுக்கு மேல் இல்லை. எனவே அச்சுத் தொழிலாளிக்கு இச்சீர்திருத்தம் பெரும் விடுதலை என்பது சற்றே மிகைப்படுத்தப்பட்ட கூற்று. அதன் உண்மையான பயன் பத்தாண்டு கழித்து, இடவசதி இறுக்கமான கணினி எழுத்துருக்களை வடிவமைத்தபோதே தெரிந்தது.

இயந்திரத்தின் வருகைக்குப் பின்னாலும் தொழில் மாறிய மனிதர்களே இருந்தனர். செய்தித்தாள் உலகிலிருந்து வந்த அமெரிக்கரான பால் பிரைனெர்டு 1985இல் பேஜ்மேக்கர் என்னும் பக்க வடிவமைப்பு மென்பொருளை வெளியிட்டார். தம் நிறுவனத்துக்கு அவர் இட்ட பெயர் வெனிஸ் நகரத்துப் பழைய அச்சாளர் ஆல்டஸ் மனுஷியஸின் பெயர். எதிர்த்திசையில், கணினி அறிஞர் டொனால்டு நூத், தம் நூலின் இரண்டாம் பதிப்புக்கு 1977இல் வந்த மெய்ப்புகளின் அழகின்மையைக் கண்டு வெறுத்து, கணித நூல்களைக் கோக்கும் 'டெக்' என்னும் மென்பொருளைத் தாமே எழுதத் தொடங்கினார். இவ்விரண்டு மென்பொருள்களும் முறையே கடலூர்க் கடைத்தெருவுக்கும் புதுச்சேரி அலுவலகங்களுக்கும் வந்து சேர்ந்து, இவ்வட்டாரத்து எழுத்துத் தொழிலாளரை இரண்டு வகையாகப் பிரித்தன.

முதல் கட்டம் டி.டி.பி. எனச் சுருக்கமாக அழைக்கப்பட்ட மேசைப் பதிப்பு முறை. கணினியில் பக்கத்தை அமைத்து, அச்சுப்பொறியில் படியெடுத்து, அதைப் படச்சுருளாகவும் பின்னர்த் தகடாகவும் மாற்றி ஆஃப்செட் இயந்திரத்தில் ஓட்டுவது இதன் வழி. சிவகாசி ஆஃப்செட் அச்சகங்கள் பல வண்ணக் கல்யாணப் பத்திரிகைகளை மலிவாக அனுப்பத் தொடங்கிய பிறகு, ஈய எழுத்தை நம்பியிருந்த ஊர் அச்சகங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. முதலாளிகள் ஒரு கணினியும் லேசர் அச்சுப்பொறியும் வாங்கிப் போட்டனர். ஈய எழுத்துகள் எடைக்குப் போயின. கணினிக்கு முன் உட்கார்ந்தவர் பெரும்பாலும் கம்பாசிட்டர் அல்லர். நாற்பது வயதைத் தாண்டிய அவர் விசைப்பலகையை எட்ட நின்றே பார்த்தார். மெய்ப்புத் திருத்துநராகவோ பைண்டிங் பிரிவிலோ ஒதுங்கினார், அல்லது தொழிலையே விட்டார். அவருடைய இருக்கைக்கு வந்தவர்கள் தட்டச்சுப் பயிலகங்களில் படித்த இளைஞர்கள், அவர்களிலும் குறிப்பாகப் பெண்கள்.

இதற்குக் காரணம் விசைப்பலகையே. தமிழகத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் இளநிலை, முதுநிலைத் தட்டச்சுத் தேர்வுகளை எழுதி, அரசுப் பணிக்கான தேர்வுக்குக் காத்திருந்த பெரும்படை ஒன்று ஒவ்வொரு மாவட்டத் தலைநகரிலும் இருந்தது. தமிழ்த் தட்டச்சுப் பொறியில் 'கொ' என்று அடிக்க முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால் என்று, கண்ணில் தெரியும் வரிசையிலேயே விசைகளை அழுத்த வேண்டும். புள்ளிக்குரிய விசை காகிதத்தை நகர்த்தாதது, ஆதலால் எழுத்துக்கு முன்பே அதைத் தட்ட வேண்டும். தொடக்ககாலத் தமிழ் எழுத்துருக்கள் இந்தத் தட்டச்சு வரிசையையே பெரிதும் பின்பற்றியதால், பயிலகத்தில் பெற்ற விரற்பழக்கம் அப்படியே கணினிக்கு இடம்பெயர்ந்தது. கம்பாசிட்டருடைய விரல்கள் அறிந்த பெட்டி வரைபடத்துக்கு அத்தகைய வாரிசு எதுவும் இல்லை. ஒரு கலைஞனின் கைத்திறன் புதிய கருவிக்குச் செல்லுமா செல்லாதா என்பது அத்திறனின் உயர்வு தாழ்வைப் பொறுத்ததன்று, கருவியை வடிவமைத்தவர் எந்தப் பழைய கையை மனத்தில் வைத்திருந்தார் என்பதையே பொறுத்தது என்பதற்கு இது தெளிவான சான்று.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டின் விளைவாக வந்த தமிழ்99 விசைப்பலகை, க-வுக்குப் பின் ஒ-வை அழுத்தினால் 'கொ' வரும்படி ஒலி வரிசையைக் கைக்கொண்டது. அதே மெய்யை இரண்டு முறை அழுத்தினால் முதலாவதில் புள்ளி தானே விழும். அறிவுக்கு ஒத்த அமைப்பு இது. ஆயினும் அச்சகங்களில் அமர்ந்திருந்தவர்கள் அதற்கு எளிதில் மாறவில்லை. பக்கக் கணக்கில் கூலி பெறுபவருக்கு வேகம் குறையும் ஒரு மாதமே பெரும் நட்டம்.

பலகை ஓவியர்களின் கதை வேறு வழியில் சென்று அதே இடத்தில் முடிந்தது. பெயரோடு 'ஆர்ட்ஸ்' என்னும் ஒட்டைச் சேர்த்துக்கொண்ட இவர்கள், சுண்ணப்பொடி தோய்த்த நூலைச் சுண்டி நேர்கோடு இட்டு, எனாமல் வண்ணத்தில் எழுத்தை அளவெடுக்காமலே எழுதினர். தேர்தல் காலத்துச் சுவர்களே அவர்களுக்கு அறுவடை. 2000களில் ஃபிளெக்ஸ் எனப்படும் நெகிழித் துணியில் அச்சிடும் இயந்திரங்கள் வந்ததும் சிலர் கோரல்டிரா என்னும் வரைகலை மென்பொருளைக் கற்று வடிவமைப்பாளராயினர். கம்பாசிட்டரைப் போலன்றி இவர்களுக்கு வண்ணத்தையும் அமைப்பையும் பற்றிய கண் பயன்பட்டது. தூரிகையில் ஒவ்வொருவர் எழுத்தும் ஒவ்வொரு சாயலில் இருந்த நிலை போய், விரல்விட்டு எண்ணத்தக்க சில எழுத்துருக்களால் கடலூர்ப் பலகையும் காட்டுமன்னார்கோயில் பலகையும் ஒன்றுபோல் ஆனது இதன் விலை. 

இரண்டாம் கட்டத்துக்கான வாயில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். 1920இல் தொடங்கிய மீனாட்சி கல்லூரியை அடித்தளமாகக் கொண்டு 1929இல் உருவான இப்பல்கலைக்கழகம், இசைக் கல்லூரியாலும் தமிழிசை இயக்கத்தாலும் கலைக்குப் பெயர்பெற்றது. 1979இல் தொடங்கிய தொலைநிலைக் கல்வி இயக்ககமோ அதை வேறொரு வகையில் நாடறியச் செய்தது. அஞ்சல் வழியில் பாடநூல் பெற்று, விடுமுறை நாள்களில் நேர்முக வகுப்புக்குச் சென்று, கணினிப் பயன்பாட்டில் பட்டயமோ முதுநிலைப் பட்டமோ பெறலாம் என்னும் ஏற்பாடு, தமிழோ வரலாறோ இசையோ படித்து அச்சகத்திலும் பயிலகத்திலும் வேலை பார்த்தவர்களுக்குப் பொருந்தி வந்தது. நாளெல்லாம் கணினியில் உழைத்தும் 'ஆபரேட்டர்' என்றே அழைக்கப்பட்டவருக்கு அந்தச் சான்றிதழ் வேறொரு பெயரைத் தந்தது. தொலைநிலைப் பட்டங்களை ஏளனமாகப் பேசும் வழக்கம் உண்டு. சம்பளத்தை விட்டுவிட்டு மூன்றாண்டு கல்லூரிக்குப் போக இயலாத ஒருவருக்கு வேறு எந்தக் கதவு திறந்திருந்தது என்று கேட்டால் அவ்வேளனம் நிற்காது.

அக்கதவு திறந்த திசை வடக்கு. கடலூரிலிருந்து 20 கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான தொலைவில் உள்ள புதுச்சேரியில் 1994இல் இன்டெக்ரா நிறுவனமும், சென்னையில் 1998இல் டி.என்.கியூ. நிறுவனமும் தொடங்கின. ஐரோப்பிய, அமெரிக்கப் பதிப்பகங்களின் ஆய்விதழ்களையும் நூல்களையும் இங்கே பக்கம் கட்டி அனுப்புவது இவற்றின் தொழில். ஆசிரியரின் கைப்பிரதியில் எது தலைப்பு, எது அடிக்குறிப்பு, எது சூத்திரம் என்று அடையாளமிடும் எக்ஸ்.எம்.எல். என்னும் குறியீட்டு முறையையும், நூத்தின் டெக் மென்பொருளையும் அறிந்தவர்கள் அதற்குத் தேவைப்பட்டனர். கம்பாசிட்டர் செய்த வேலையே இது, ஆங்கிலத்தில், ஈயமின்றி, மென்பொருள் நிறுவனத்தின் பெயர்ப்பலகைக்குக் கீழே. வரியை நெருக்குவதும் மெய்ப்பு பார்ப்பதும் அங்கும் இருந்தன. இங்கிருந்து நிரலாக்கத்துக்கும் தரச்சோதனைக்கும் நகர்ந்தவர்கள் உண்டு. ஆயினும் உள்ளே நுழைய வேண்டியிருந்தவை ஆங்கிலமும் பட்டமும். தமிழ் எழுத்தை அழகாக அமைக்கத் தெரிந்திருப்பது அங்கே தகுதியாக எண்ணப்படவில்லை. டி.டி.பி. மையங்களில் எஞ்சியவர்களுக்கும் இந்த அலுவலகங்களுக்குப் பேருந்து ஏறியவர்களுக்கும் இடையிலான கோடு இவ்வாறே விழுந்தது.

தமிழ்க் கணிமையின் வரலாற்றில் படைப்பாளியே தொழில்நுட்பராக மாறிய முன்மாதிரி இல்லாமல் இல்லை. சிங்கப்பூர்ச் சிறுகதையாசிரியரான நா. கோவிந்தசாமி 1995இல் அந்நாட்டுக் கவிதைகளைத் தமிழ் உள்ளிட்ட நான்கு மொழிகளில் இணையத்தில் ஏற்றும் பணியில் முன்னின்று, 1997இல் முதல் தமிழ் இணைய மாநாட்டையும் அங்கே கூட்டி, 1999இல் மறைந்தார். பொறியாளராகப் பணிபுரிந்துகொண்டே கதை எழுதிய சுஜாதாவைத் தமிழ் வாசகர் நன்கறிவர். எதிர்வழியில் நடந்த கோவிந்தசாமியை அந்த அளவுக்கு அறியாதது வியப்புக்குரியது.

அவர் தொடங்கிய மாநாட்டு வரிசையில் ஒன்று 2012 டிசம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலேயே நடைபெற்றது. அதற்குள் தமிழக அரசு 2010இல் யூனிகோடு முறையை ஏற்றிருந்தது. உலகின் எழுத்துகள் அனைத்துக்கும் ஒரே எண் வரிசையைத் தரும் இம்முறையில் கொம்பு திரையில் முன்னால் தெரிந்தாலும் நினைவகத்தில் மெய்க்குப் பின்னாலேயே சேமிக்கப்படுகிறது. தட்டச்சு வரிசையில் பழகிய விரல்களுக்காக, பழைய விசைப்பலகையில் அடித்தாலும் புதிய வரிசைக்கு மாற்றித் தரும் மென்பொருள்கள் வந்தன. பழைய எழுத்துருக்களில் சேமித்த கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றுவது, மாறும்போது விழும் பிழைகளைத் திருத்துவது ஆகியவை இன்றும் டி.டி.பி. மையங்களுக்கு வரும் வேலைகளாக உள்ளன.

ஈய எழுத்தில் அச்சான நூல்களின் படங்களைக் கணினி தானே படித்து எழுத்தாக மாற்றும் எழுத்துணரி இப்போது அத்தொழிலின் பழைய அறிவை மீண்டும் கேட்கிறது. 1978க்கு முந்தைய ணா, லை, னை ஆகியவற்றின் வடிவங்களையும், தேய்ந்த வார்ப்பில் மங்கிய புள்ளிகளையும் இயந்திரம் தவறாகப் படிக்கும் இடங்களில் மனிதக் கண்ணே தீர்ப்பளிக்க வேண்டியிருக்கிறது. தமிழ் விக்கிமூலம் என்னும் இணைய நூலகத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் பக்கம் பக்கமாக அவ்வாறு மெய்ப்பு பார்க்கப்படுகின்றன. அச்சகத்தில் கம்பாசிட்டருக்கும் மெய்ப்புத் திருத்துநருக்கும் குறைந்த கூலியாவது கிடைத்த அந்த வேலையை, இங்கே தன்னார்வலர்கள் கூலியின்றிச் செய்கின்றனர்.